செடிக்கு ஒரு மணி, ஆட்டுக்கு ஒரு மணி

சித்திரை, வைகாசியில் காரைக்குடிப் பக்கம் எந்தத் தோட்டத்தில் நுழைந்தாலும் பகல் 2 மணிக்குப் பீர்க்கங்கொடி இலை தொங்கிக்கொண்டுதான் இருக்கும். காலையில் தண்ணீர் கட்டிய பாத்தியிலும் தொங்கும், நான்கு நாளாகக் காய்ந்த பாத்தியிலும் தொங்கும். அதைப் பார்த்துவிட்டு மோட்டாரைப் போடுகிறவர்கள் நிறைய. மாலையில் வந்து பார்த்தால் இலை நிமிர்ந்திருக்கும். "தண்ணி குடிச்சதும் தெளிஞ்சிருச்சு" என்பார்கள். தண்ணீர் விடாமல் இருந்திருந்தாலும் நிமிர்ந்திருக்கும்.

வெயிலுக்கும் வறட்சிக்கும் செடியும் கால்நடையும் உடம்பால் பதில் சொல்கின்றன. அந்தப் பதிலை அளக்க ஆய்வு நிலையங்களில் விலை உயர்ந்த கருவிகள் உண்டு. கருவி எதுவானாலும் தப்பான மணிக்குப் போய் அளந்தால் தப்பான பதில்தான் கிடைக்கும். அதனால் இந்தப் பதிவில் எதை அளப்பது என்பதோடு எந்த மணிக்கு அளப்பது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பீர்க்கை இலை. 37 டிகிரி வெப்பமும் 40 சதவீத ஈரப்பதமும் உள்ள பகல் காற்று இன்னும் 3.8 கிலோபாஸ்கல் (நீராவி அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு நீராவி குடிக்கும். அதே தோட்டத்தில் விடியற்காலை 27 டிகிரி, 85 சதவீதம் என்றால் அந்தத் தாகம் 0.5 கிலோபாஸ்கல்தான். ஏழு மடங்கு வித்தியாசம். பீர்க்கை, பூசணி மாதிரி அகன்ற இலைச் செடியில் வேர் இழுக்கும் வேகம் இலை இழக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. இலைத்துளைகள் பாதி மூடும், இலை தொங்கும், தொங்கிய இலையில் வெயில் நேராக விழாது. மண்ணில் ஈரம் இருக்கும்போதே இது நடக்கும். ஆகவே பகல் வாட்டம் காற்றைப் பற்றித்தான் நிறையச் சொல்கிறது. மண்ணைப் பற்றி அறிய விடியலுக்கு முன்னால் போக வேண்டும்.

இரவு முழுக்க இலைத்துளைகள் பெரும்பாலும் மூடியிருக்க, வேர் மெல்ல மெல்ல நீரை ஏற்றி, 4, 5 மணி வாக்கில் இலையில் நீர் இருக்கும் இறுக்கம் மண்ணில் நீர் இருக்கும் இறுக்கத்தோடு ஏறக்குறைய சமமாகிவிடும். ஸ்கோலாண்டர் என்ற விஞ்ஞானியின் குழு 1965-இல் வெளியிட்ட, இந்த இறுக்கத்தை அளக்கும் அழுத்தக் கலம் என்ற கருவியை வைத்து ஆய்வாளர்கள் விடியலுக்கு முன்பும் நடுப்பகலிலும் இருமுறை அளப்பது இதற்காகத்தான். கருவி இல்லாதவருக்கும் இந்தக் கணக்கு உதவும். காலை 6 மணிக்கும் இலை தொங்கினால், செடி பகலில் பட்ட கடனை இரவில் அடைக்கவில்லை என்று அர்த்தம். அன்றைக்குத் தண்ணீர் கொடுத்தே ஆக வேண்டும்.

நெல்லில் இதைப் பார்ப்பது இன்னும் சுலபம். இலையின் மேல்பக்கத்தில் உள்ள பெரிய விசிறி வடிவ செல்கள் நீர் இழந்து சுருங்கும்போது இலை உள்பக்கமாகச் சுருளும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோலில் 0 என்றால் தட்டையான இலை, 3 என்றால் ஆழமான 'வி' வடிவம், 5 என்றால் கிண்ணம் போல் வளைந்தது, 7 என்றால் ஓரம் ஓரத்தைத் தொட்டது, 9 என்றால் குழலாக இறுகியது. புழுதி விதைப்பில் முளைத்து மழைக்குக் காத்திருக்கும் நெல்லில் மதியம் 5 வந்தால் பயமில்லை. காலை 7 மணிக்கே 5 நிற்கிறது என்றால் கண்மாய் மடையைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது. ஒரே ஒரு எச்சரிக்கை: ரகங்களை ஒப்பிடும்போது இலை சுருளாததை வறட்சி தாங்கும் குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆழமான வேர் இருப்பதால் சுருளாமல் இருக்கலாம். தடித்த, விறைத்த இலை என்பதாலும் சுருளாமல் இருக்கலாம், உள்ளே தண்ணீர் தீர்ந்திருக்கும்.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் இலையின் ஒப்பு நீர் அளவு. ஆய்வுக் கட்டுரைகளில் ஆர்.டபிள்யூ.சி. என்று வரும். பார்ஸ், வெதர்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1962-இல் செம்மைப்படுத்திய முறை. வேளாண் மாணவர்கள் அத்தனை பேரும் செய்கிறார்கள், ஆனால் பல பேர் கோட்டைவிடும் இடமும் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இலை முழுதாக இப்போது வைத்திருக்கும் தண்ணீர், அது நிறைவாகக் குடித்தால் வைத்திருக்கக்கூடிய தண்ணீரில் எத்தனை சதவீதம் என்பதுதான் கணக்கு. நிலக்கடலைச் செடியில் நுனியிலிருந்து மூன்றாவது முழுதாக விரிந்த இலை, நெல்லில் கடைசியாக முழுதாக விரிந்த இலை. எல்லாப் பாத்தியிலும் அதே வரிசை இலை, ஓர வரிசைச் செடி கூடாது. பறித்ததும் மூடி போட்ட சின்ன டப்பாவில் போட்டு நிழலில் வைத்து, 10 நிமிடத்துக்குள் எடை போட வேண்டும். தராசு மில்லிகிராம் காட்ட வேண்டும். நகைப்பட்டறையில் வைத்திருக்கும் கையடக்கத் தராசு போதும், காற்றாடியை நிறுத்திவிட்டு எடை பார்த்தால் சரி. பிறகு இலையைக் காய்ச்சி வடித்த நீரில் 4 மணி நேரம், அறை வெப்பத்தில், மங்கலான வெளிச்சத்தில் மிதக்கவிட வேண்டும். எடுத்து இரண்டு உறிஞ்சுதாளுக்கு நடுவில் வைத்து லேசாக ஒற்றி, உடனே மறுபடி எடை. கடைசியாக 80 டிகிரி உலர்கலனில் 24 மணி நேரத்துக்குக் குறையாமல், எடை மாறாத வரை உலர்த்தி மூன்றாவது எடை.

பறித்த எடை 0.420 கிராம், நிறைந்த எடை 0.500, உலர்ந்த எடை 0.100 என்று வைத்துக்கொள்வோம். 0.320-ஐ 0.400-ஆல் வகுத்தால் 80 சதவீதம். இப்போது ஒவ்வொரு தப்பும் எவ்வளவு வலி தரும் என்று பாருங்கள். இலை சரியாக உலராமல் 0.110 என்று வந்தால் விடை 79.5. ஒன்றும் ஆகிவிடவில்லை. ஒற்றி எடுக்காமல் இலைமேல் 20 மில்லிகிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டு 0.520 என்று வந்தால் விடை 76.2. பறித்த இலையைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த பாத்திக்கு நடந்து, 15 மில்லிகிராம் வற்றி 0.405 ஆகிவிட்டால் அதுவும் 76 சொச்சம்தான். உலர்கலன் பழசு என்று அலுத்துக்கொள்கிறோம், ஆனால் விடையைக் கெடுப்பது ஒற்றும் கையும் நடக்கும் காலும்தான். முதல் பாத்தி இலையை 10 மணிக்கும் கடைசிப் பாத்தி இலையை 12 மணிக்கும் பறித்தாலும் அதே கதை: ரக வித்தியாசம் என்று நீங்கள் எழுதுவது மணி வித்தியாசமாக இருக்கும். ஆள் போதவில்லை என்றால் பாத்தி எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், நேரத்தை நீட்டாதீர்கள்.

இலையைப் பறிக்காமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது. இலைத்துளை திறந்திருந்தால் நீராவி போகும், இலை குளிரும். மூடினால் இலை சூடாகும். அகச்சிவப்பு வெப்பமானியைப் பகல் 12-லிருந்து 2 மணிக்குள் பிடித்தால் இது தெரியும். கொரோனா காலத்தில் நெற்றியில் பிடித்த துப்பாக்கி இதற்கு உதவாது. அது மனிதத் தோலுக்குத் தோதாக எண்ணைத் திருத்திக் காட்டுவது, அதன் வீச்சும் குறுகியது. பட்டறையில் பயன்படுத்தும் வகை வேண்டும், எமிசிவிட்டி (ஒரு பரப்பு வெப்பக் கதிரை வீசும் திறன்) 0.95-இல் வைக்க வேண்டும்.

மோசம் போவது எங்கே என்றால், மண்ணில். 12-க்கு 1 விகிதக் கருவியை (12 பங்கு தூரத்தில் 1 பங்கு அகல வட்டத்தைப் பார்ப்பது) 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் அது 5 சென்டிமீட்டர் வட்டத்தின் சராசரியைக் காட்டும். நம் ஊர்ச் செம்மண்ணும் சரளையும் கோடை மதியத்தில் 50 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு 52 டிகிரி மண், மீதி 34 டிகிரி இலை என்றால் கருவி 37.6 என்று காட்டும். செடி நன்றாக இருக்க, வாடிவிட்டதாகக் கணக்கில் ஏறும். வரிசைக்குக் குறுக்கே சாய்வாகப் பிடித்து, இலை மட்டுமே தெரியும்படி பார்க்க வேண்டும். மேகம் மறைத்தால் ஓரிரு நிமிடத்தில் இலைவெப்பம் இறங்கிவிடும், அதனால் எல்லாப் பாத்தியையும் கால்மணி நேரத்தில் முடித்து, திரும்பும்போது கடைசியிலிருந்து முதலுக்கு இன்னொரு முறை அளந்து இரண்டையும் சராசரி எடுப்பது நல்லது. 'இத்தனை டிகிரிக்கு மேல் போனால் வறட்சி' என்று ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். பக்கத்தில் ஒரு பாத்திக்குக் குறைவில்லாமல் தண்ணீர் காட்டி, அதைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்று பார்த்தால்தான் எண்ணுக்கு உயிர்.

வறட்சியில் இலையில் சேரும் புரோலின் என்ற அமினோ அமிலம் பற்றி ஒரு வரி சொல்லாமல் போனால் வேளாண் கல்லூரிப் பிள்ளைகள் கேட்பார்கள். நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருளைப் போட்டுச் சூடேற்றி, டொலுவின் என்ற கரைப்பானில் பிரித்து, 520 நானோமீட்டரில் படிக்கும் அந்த 1973-ஆம் ஆண்டு முறை மலிவானது, நிறம் அழகாக வரும், அட்டவணை நிரம்பும். ஆனால் புரோலின் கூடியது என்பது செடி அடி வாங்கியதற்கு அடையாளம். தாங்கியதா என்பதை அது மட்டும் சொல்லாது. அதிகம் வாடிய ரகத்திலேயே அதிகப் புரோலின் வருவது சகஜம். ஒப்பு நீர் அளவையும் பக்கத்தில் வைக்காமல் புரோலினை மட்டும் காட்டி 'வறட்சி தாங்கும் ரகம்' என்று முடிவெழுதினால் நம்ப வேண்டியதில்லை. இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்தைக் கணிக்கும் இலை வண்ண அட்டைக்கும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு: தண்ணீர் குறைந்து வளர்ச்சி தேங்கிய நெல்லின் இலை கருகருவென்று தெரியும், அட்டை 'தழைச்சத்து போதும்' என்று சொல்லிவிடும். வாட்டம் தெளிந்த பிறகு, காலை 8-லிருந்து 10 மணிக்குள், உங்கள் நிழல் இலைமேல் விழும்படி நின்று பாருங்கள்.

கடலை இலை வேறு ஒரு வேடிக்கை காட்டும். ஈரம் குறையும்போது மதியத்தில் சிற்றிலைகள் மேல்நோக்கி மடங்கி வெயிலுக்கு விளிம்பைக் காட்டும். இரவில் மடங்குவது அதன் வழக்கம், மதியத்தில் மடங்குவது தற்காப்பு. ஆனால் கடலையில் இலையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். பூவிலிருந்து கிளம்பும் விழுது இறங்கி மண்ணுக்குள் காயாகும்போது சுண்ணாம்புச்சத்தைக் காய் நேரடியாகச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, வேர் அதைக் காய்க்கு அனுப்பாது. கீழே ஒரு அடியில் ஈரம் இருந்து, மேல் 5 சென்டிமீட்டர் பொடியாகக் காய்ந்துவிட்டால், இலை பச்சையாக நிமிர்ந்திருக்கும், ஒப்பு நீர் அளவு 85 காட்டும், பிடுங்கினால் பொக்கு. ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை 40-45-ஆம் நாளில் மண் அணைக்கும்போது போடச் சொல்வது இதற்காக. மேல்மண் ஈரமாக இருக்கும் நாளில் போட்டால்தான் அது கரைந்து காய்க்குப் போய்ச் சேரும். மானாவாரியில் 40-ஆம் நாள் என்று தேதி பார்த்துக்கொண்டிருக்காமல், மழை பெய்த மறுநாள் பார்த்துப் போடுவதே புத்தி.

இனி தொழுவத்துக்கு வருவோம். இங்கே மணி மாறுகிறது.

செடிக்கு வெயில் உச்சம்தான் கஷ்ட உச்சம். மாட்டின் உடம்பு பெரிய தண்ணீர்ப் பானை மாதிரி, மெதுவாகத்தான் சூடேறும். வெளிவெப்பம் 2 மணிக்கு உச்சம் என்றால் உடல் வெப்பம் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, 4, 5 மணிக்குத்தான் உச்சத்துக்கு வரும். பகல் 1 மணிக்கு வெப்பமானி வைத்துப் பார்த்து 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று எழுதிவிட்டுப் போவது, உலை கொதிக்கும் முன்னே அடுப்பைப் பார்த்த கதை. மாலை 5 மணிக்கு ஒரு முறை, விடியற்காலை 5 மணிக்கு ஒரு முறை: இரண்டும் சேர்ந்தால்தான் பொருள் வரும். விடியற்காலையிலும் மாடு இரைக்கிறது என்றால் இரவில் அது பகல் சூட்டை இறக்கி வைக்கவில்லை. அடுத்த நாள் சூட்டின் மேல் சூடு.

முதல் அளவு மூச்சு. அதற்குக் கருவி வேண்டாம். மாடோ ஆடோ படுத்திருக்கும்போது, அல்லது சும்மா நிற்கும்போது, பத்தடி தள்ளி நின்று விலாப்பள்ளம் ஏறி இறங்குவதை 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். கிட்டே போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டு எண்ணினால் அது பயத்தின் எண். நிழலில் நிற்கும் ஆட்டுக்கு நிமிடத்துக்கு 15-லிருந்து 30 வரை இயல்பு. 40-லிருந்து 60 என்றால் லேசான சூட்டு அழுத்தம், 60-80 நடுத்தரம், 80-120 கடுமை. மாட்டில் 150-ஐயும் செம்மறியில் 200-ஐயும் தாண்டினால் உயிர்க்கேடு. மந்தை மேய்க்கும் கீதாரிகள் எண்ணுவதில்லை. வாய் திறந்ததா, ஆடுகள் தலையைக் கவிழ்த்து ஒன்றன் வயிற்று நிழலில் ஒன்று நுழைகிறதா என்று பார்த்தே மந்தையை நிறுத்திவிடுவார்கள்.

எண்ணில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. வேகமாக, மேலோட்டமாக இரைத்துக்கொண்டிருந்த மாடு திடீரென்று மூச்சின் வேகத்தைக் குறைத்து, வாய் பிளந்து, நாக்கு தொங்க, ஆழமாக இழுக்கத் தொடங்கும். எண் 140-லிருந்து 90-க்கு இறங்கும். தேறிவிட்டது என்று நினைத்தால் தப்பு. முதல் கட்டம் தோற்று இரண்டாம் கட்டத்துக்குப் போய்விட்டது என்பதுதான் அது. எண்ணோடு வாய், நாக்கு, எச்சில் மூன்றையும் குறிப்பது இதற்காக. எச்சிலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி இரத்தத்தில் காரத்தன்மை கூடும். அதைச் சரிக்கட்டச் சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சிறுநீரில் தள்ளும். அசைபோடும் மாட்டின் எச்சிலில் போய் இரைப்பையின் புளிப்பைத் தணிக்க வேண்டிய பைகார்பனேட் அங்கே குறையும். இருக்கும் எச்சிலும் கடைவாய் வழியாக மண்ணில் ஒழுகும். கோடையில் பால் இறங்குவதோடு கொழுப்புச்சத்தும் இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். வைக்கோலைக் காலையில் குறைத்து இரவுக்கு மாற்றினால், அது செரிக்கும்போது எழும் சூடு குளிர்ந்த நேரத்தில் விழும்.

வெப்பமானியை ஆசனவாயில் ஆட்டுக்கு 5 சென்டிமீட்டர், மாட்டுக்கு 10 சென்டிமீட்டர் செலுத்தி, குடல் சுவரில் படும்படி சாய்த்துப் பிடிக்க வேண்டும். சாணத்துக்குள் குத்தி நின்றால் குறைத்துக் காட்டும், வாசித்த எண் சந்தேகமாக இருந்தால் இடம் மாற்றி மறுபடி வையுங்கள். மாட்டுக்கு 38.0-39.3, ஆட்டுக்கு 38.5-40 இயல்பு. ஓட்டிப் பிடித்த ஆட்டை அரைமணி நேரம் நிழலில் விடாமல் அளக்கக் கூடாது.

டி.எச்.ஐ. என்ற வெப்ப-ஈரப்பதக் குறியீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெப்பத்தை 1.8-ஆல் பெருக்கி 32-ஐக் கூட்டி, அதிலிருந்து ஈரப்பதத் திருத்தத்தைக் கழிக்கும் கணக்கு. மதியம் 36 டிகிரி, 55 சதவீதம் என்றால் 87 வரும். விடியற்காலை 28 டிகிரி, 85 சதவீதம் என்றால் 80. புத்தகத்தில் 72-க்கு மேல் அழுத்தம் என்று இருக்கும். அந்தக் கோடு குளிர்நாட்டுக் கறவை மாடுகளை வைத்துப் போட்டது. செட்டிநாட்டில் 24 டிகிரியும் 90 சதவீதமும் உள்ள இதமான இரவே 74. அப்படியானால் ஆண்டின் பெரும்பகுதி 'அழுத்தம்' என்றுதான் அட்டவணை காட்டும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நாட்டினமான புலிக்குளம் மாட்டுக்கும் கலப்பினப் பசுவுக்கும் ஒரே கோடு என்பதும் பொருந்தாது. உங்கள் மாட்டின் மூச்சு எந்த எண்ணில் 60-ஐத் தாண்டுகிறது என்று பத்து நாள் குறித்தால், அதுதான் உங்கள் தொழுவத்தின் கோடு.

கூரை பற்றி ஒரு ஆதங்கம். தடித்த சுவர், உயர்ந்த கூரை, நடுவில் வானம் பார்த்த முற்றம் என்று வளவு வீட்டில் சூட்டை ஆண்ட ஊர் இது. அந்த வீட்டுக்குப் பின்னால் ஏழடி உயரத்தில் தகரம் போட்டு, மூன்று பக்கம் சுவர் எழுப்பி, கலப்பினப் பசுவைக் கட்டுகிறோம். சூடான தகரம் இரவு கவியும் வரை மாட்டின் முதுகில் அனலை வீசும். தகரத்தின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பினாலே மாலை மூச்சு எண்ணில் வித்தியாசம் தெரியும். வெயில் தாழ்ந்ததும் மாட்டைத் திறந்த வெளியில் கட்டினால் உடம்பின் சூடு வானத்தை நோக்கி இறங்கும். வயலில் கிடை போட்ட ஆடுகள் விடியலில் நிதானமாக மூச்சுவிடுவதற்குக் காரணம் அந்தத் திறந்த வானம்தான்.

தண்ணீர் தெளிப்பதிலும் நுணுக்கம் உண்டு. புகைபோல் தெறிக்கும் நுண்தூறல் காற்றோட்டமில்லாத கொட்டகையில் ஈரப்பதத்தை ஏற்றிவிட்டு மயிர்நுனியில் முத்தாக நிற்கும், தோலுக்குப் போகாது. பெரிய துளியாக 2 நிமிடம் தோல் நனையத் தெளித்து, நிறுத்தி, 10-15 நிமிடம் விசிறியில் காயவிட்டு, மறுபடி தெளிப்பதுதான் முறை. குளிர்விப்பது தண்ணீர் ஆவியாகிப் போகும் அந்த இடைவேளை. குடிநீர்த் தொட்டி நிழலில் இருக்கட்டும். கருப்பு பிளாஸ்டிக் தொட்டியின் மதியத் தண்ணீரில் கைவைத்துப் பார்த்தால் மாடு ஏன் முகத்தைத் திருப்புகிறது என்று புரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் மணிக்கணக்கு. நாள்கணக்கிலும் வருடக்கணக்கிலும் வரும் பதில்கள்தான் காரணத்தை மறைத்துவிடும். கோடை நெல்லில் பூ விரியும் காலை 9-லிருந்து 12 மணிக்குள் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் சரியாகக் கொட்டாது, மூன்று வாரம் கழித்துப் பதராகத் தெரியும்போது பூச்சியைத் திட்டுவோம். கிடாவுக்கு விந்தணு உருவாக ஏறக்குறைய 7 வாரம் ஆகும். கத்திரி வெயிலில் கெட்டது ஆனியில் சினை பிடிக்காமல் தெரியும், அப்போது கத்திரி முடிந்திருக்கும், பழி பெட்டையாட்டின் மேல் விழும். தென்னையில் பாளைக் குருத்து உருவாகி, பாளை வெடிக்கவே 32 மாதம், அதன்பின் காய் முற்ற ஒரு வருடம். கண்மாய் வற்றிய வருடத்தில் தோப்பு பார்க்கப் பச்சையாகவே இருக்கும். குரும்பை கொட்டுவதும் குலை சிறுப்பதும் அடுத்தடுத்த வருடங்களில், நல்ல மழைக்குப் பிறகு வரும். அதனால் தோப்புக்காரர் ஏட்டில் இந்த வருடக் காய்க்கணக்குக்கு எதிரே இந்த வருட மழையை எழுதாமல், மூன்று வருடத்துக்கு முந்தைய பக்கத்தையும் புரட்டிப் பார்த்து எழுத வேண்டும்.